உறைபனிக்குப் பயந்து வாழைக்கு வலை கட்டலாமா?

கேள்வி: தொலைக்காட்சியில் தினமும் உறைபனி என்கிறார்கள். இங்கேயும் விடியற்காலையில் பனி மூடிக் கிடக்கிறது. 40 சென்டில் ஏத்தன் வாழை நிற்கிறது. மேலே வலை கட்டச் சொல்கிறார் கடைக்காரர். கட்டலாமா? பக்கத்தில் நிற்கும் ரப்பருக்கும் பனி கெடுதலா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: வலை வாங்க வேண்டாம். கடைக்காரரும் நீங்கள் பார்த்த அதே செய்தியைத்தான் பார்த்திருப்பார். காஷ்மீரில் கொட்டுவதும், ஊட்டியில் புல்மேல் உறைவதும், நம் வாழை இலையில் சொட்டுவதும் தமிழில் பனிதான். குழப்பம் அங்கேதான் வருகிறது.

ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு வெளியேறி, புல்லை ஒட்டிய வெப்பம் 0 டிகிரிக்கு இறங்கினால் உறைபனி. தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் அது அதிகம். நமக்குக் கடல் அருகில். காற்றில் ஈரமும் அதிகம். மார்கழி, தை இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அதனால் ஏத்தனுக்குப் பனியால் ஆபத்தில்லை, காற்றால்தான் ஆபத்து. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் என்று அறிவிப்பு வந்தபோது இங்கே காற்று தொடங்கிவிட்டது. வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வலைக்கு வைத்த பணத்தில் குலை தள்ளிய வாழைகளுக்கு முட்டுக்கம்பு கொடுங்கள்.

ரப்பர் விஷயம் வேறு. மரம் இலையுதிர்ந்து தளிர்க்கும்போது இரவுக் குளிரும் காலைப் பனிமூட்டமும் சேர்ந்தால் சாம்பல் நோய் வரும். செம்பு நிறத் தளிரில் வெள்ளைப் பொடி படியும். தளிர் சுருங்கி உதிரும். காம்பு மட்டும் கொஞ்ச நாள் கிளையில் நிற்கும். மரம் மறுபடி தளிர்க்க வேண்டியிருப்பதால் பால் குறையும்.

பொடி தெரிந்த பிறகு ஓடுவதில் பயன் குறைவு. தளிர்க்கத் தொடங்கியதுமே மென்மையான கந்தகத் தூளை ஏக்கருக்குச் சுமார் 5 கிலோ வீதம் தூவும் கருவியால் தூவுங்கள். 7 முதல் 14 நாள் இடைவெளியில் மூன்று முதல் ஐந்து தடவை தேவைப்படும். இலை ஈரமாக, காற்று அசையாமல் இருக்கும் அதிகாலையே நல்ல நேரம். கந்தகத் தூள் தீப்பிடிக்கும். தோட்டத்தில் சருகும் காய்ந்து கிடக்கும். வேலைக்கு வருகிறவர் பீடி பற்ற வைக்கக் கூடாது. மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளட்டும். சிறு கன்றுகளுக்கு நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து தெளித்தால் போதும்.

எந்த நாளில் தூவுவது? செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையைப் பாருங்கள். மேகதூத் செயலியில் தமிழிலேயே வருகிறது. பிள்ளைகளிடம் சொன்னால் போனில் ஏற்றித் தருவார்கள். அதில் அடுத்த ஐந்து நாள் மழை, காற்று, ஈரப்பதம் மூன்றையும் படியுங்கள். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் மழைமானி வைத்த இடங்களில் கால் பங்குக்குள் பெய்யும் என்று பொருள். உங்கள் தோட்டத்தில் பெய்யாமலும் போகலாம், வானத்தைப் பார்த்துத் தூவலாம். ‘பல இடங்களில்’ என்று இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள். தூவிய அன்றே நல்ல மழை அடித்துவிட்டால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி தூவுங்கள்.