துண்டு போட்டு இடம் பிடிக்கும் நோய்

உயிரணுக்கள் 'எக்ஸோசோம்' என்னும் நுண்துகள்களை வெளியிடுகின்றன. 1983-இல் கண்டறியப்பட்டபோது அவை வெறும் கழிவு என்றே கருதப்பட்டன. அந்த எண்ணம் தவறாயிற்று. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் லைடன் குழுவினர் எலிகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றணுக்கள் விடும் துகள்கள் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ முன்கூட்டியே சென்று, நோய் பரவ வழி செய்வது தெரியவந்தது. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான்!

"கட்டி சிறியது, வலியில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். நோய் லீவுக்காகக் காத்திருக்காது. எல்லாக் கட்டியும் புற்றுநோயல்ல. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆறாத புண்ணோ புதுக் கட்டியோ கண்டால், பிழைக்க வந்த ஊரிலேயே உடனே காட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.