சலவைக்கற் கப்பலும் ஒரு கடற்படைத் தலைவரும்

1894ஆம் ஆண்டிற் சீனக் கடற்படை யப்பானிடந் தோற்றதற்குக் காரணம், அதன் தலைவர் டிங் ரூசாங் கடலறியாத குதிரைப்படை வீரராய் இருந்தமையே என்று கூறி வரலாற்றை முடித்துவிடுவோர் உளர். சிங் அரசவை அன்று எழுதிய தீர்ப்பையே இவர்கள் இன்றும் படியெடுக்கின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

டிங்கை வீரத் திருவுருவாக்குதல் நம் நோக்கமன்று. 1836இல் ஆன்வெய் மாகாணத்து ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், தைப்பிங் கிளர்ச்சிப் படையிலிருந்து அரச பக்கம் தாவியவர். பின்னர் லீ ஹுங்சாங்கின் படையிற் சேர்ந்து, கிளர்ந்தெழுந்த உழவரை அடக்கிப் பதவி பெற்றவர். கடற்படைக்கு அவரைக் கொணர்ந்தது லீயின் நம்பிக்கை, கடற்கல்வியன்று. 1888இற் பெய்யாங் கடற்படை முறையாக அமைந்தபோது தலைமை அவர் கைக்கு வந்தது.

ஆயின், அந்தக் கைக்கு எதனைக் கொடுத்தார்கள்? ஜேர்மனியிற் கட்டப்பெற்று 1885இல் வந்த டிங்யுவான், சென்யுவான் என்னும் கவசக் கப்பல்கள் ஒவ்வொன்றும் 305 மி.மீ. பீரங்கிகள் நான்கினைத் தாங்கியவை. அன்று யப்பானியரிடம் அவற்றுக்கு நிகரான கப்பல் இல்லை. ஆனால் 1888க்குப் பின் வெளிநாட்டிலிருந்து பெரிய போர்க்கப்பல் ஒன்றேனும் வாங்கப்படவில்லை. 1891இல் நிதி அமைச்சு அந்நியக் கப்பலும் பீரங்கியும் வாங்குவதையே இரண்டாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. அக்காலத்திலேதான் பேரரசி சிசியின் அறுபதாம் பிறந்தநாளை முன்னிட்டுப் பீக்கிங்கின் கோடை மாளிகை புதுக்கப்பட்டது. கடற்படைப் பணம் அங்கே பாய்ந்தது. எவ்வளவு பாய்ந்தது என்பதில் ஆய்வாளர் முரண்படுவர், பாய்ந்ததில் முரண்பாடில்லை. மாளிகை ஏரியில் ஒரு சலவைக்கற் கப்பலையும் 1893இற் புதுக்கினர். அதுவுந்தான் முழுக் கல்லன்று: அடியிற் கல், மேலே சலவைக்கல் போல வண்ணந் தீட்டிய மரம்!

விரைந்து சுடும் பீரங்கிகளை வேண்டிப் போருக்கு முன்னரே டிங் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. செப்ரெம்பர் 17இல் யாலு முகத்துவாரத்துக்கப்பால் நடந்த போரில் அவர் நின்ற மேடை தம் கப்பலின் பீரங்கி அதிர்விலேயே சரிந்தது. காயமுற்றவர் உள்ளே செல்ல மறுத்து, மாலுமிகளின் கண்ணிற்படத் தளத்தில் அமர்ந்திருந்தார். ஐந்து சீனக் கப்பல்கள் அழிந்தன.

அடுத்த பெப்ருவரியில் வெய்ஹைவெய்த் துறைமுகத்தில் முடிவு வந்தது. கரைக்கோட்டைகளைப் பிடித்த யப்பானியர் அவற்றின் பீரங்கிகளையே கப்பல்கள்மேல் திருப்பினர். தம்மிடம் சரணடையுமாறு யப்பானியத் தளபதி இட்டோ கடிதம் எழுதியும் டிங் இணங்கவில்லை. அபினி உண்டு இறந்தார். சரணடைவுப் பேச்சிலே, 'இக்கப்பல் குவாங்டொங் மாகாணத்தது. இப்போருக்கும் எமக்கும் தொடர்பில்லை' என்று குவாங்பிங் கப்பலைத் திருப்பிக் கேட்டனராம். நாடு அந்நிலையில் இருந்தது. இதனையும் ஒரு குதிரைவீரரின் கணக்கிலா எழுதுவது?

அரசவை அவருடைய பதவிகளைப் பறித்தது. பெட்டிக்குக் கறுப்பு மை பூசி, மூன்று செப்பு வளையங்களாற் பிணித்து, அடக்கம் செய்வதையும் தடுத்தது. 1910இற் பதவிகளை மீள வழங்கினர். சிசி அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தாள். சலவைக்கற் கப்பல் இன்றும் அந்த ஏரியில் நிற்கின்றது.