கிளட்ச் கழற்றச் சுத்தியல் எதற்கு?

மரம் அறுக்கும் எஞ்சின் ரம்பத்தில் கிளட்ச் கழலவில்லை என்றதும் மாமா சுத்தியலை எடுத்தார். என்னைக் கேட்டால், முதலில் ஒளித்து வைக்க வேண்டியது அந்தச் சுத்தியலைத்தான்.

பெரும்பாலான ரம்பங்களில் கிளட்சுக்கு இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். மாமாவோ எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிக்கொண்டிருந்தார்!

இன்னொன்று. பிஸ்டன் நகராமலிருக்க ஸ்பார்க் பிளக் துளையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகுகிறார்கள். பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடலாம். பிஸ்டன் மேலேறிப் புகை வெளியேறும் வழியை மூடியபின், முனை வெளியே நிற்கும்படி கயிற்றை உள்ளே திணித்தால் போதும்.

கிளட்ச் போனால் வேறு மாட்டலாம். பிஸ்டன் போனால் எஞ்சினையே பிரிக்க வேண்டும். அடிக்கும் முன் எந்தப் பக்க மரை என்று பார்ப்பவனே வேலை தெரிந்தவன்.

மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கயிறு போட்டுத்தான் கழற்றினார் :)