'டிக்' என்னும் ஒலியின் பொருள்

சாவியைத் திருப்புகிறோம். 'டிக்' என்று ஓர் ஒலி, எஞ்சின் சுழலவில்லை. உடனே நால்வர் கூடுவர். நான்கு தீர்ப்புகள் பிறக்கும். 'பாட்டரி போயிற்று' என்பார் ஒருவர். 'ஸ்டார்ட்டரை மாற்று' என்பார் மற்றொருவர். 'தள்ளுங்கள் ஐயா' என்பார் மூன்றாமவர். நான்காமவர் சகுனத்தைக் குறை கூறுவார். அளந்து பார்ப்போம் என்று சொல்ல மட்டும் அங்கே ஆள் இராது. அந்த ஐந்தாவது ஆளாக நாம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

'கார் வைத்திருப்பவர் கவலை நமக்கு ஏன்?' என்று கேட்கலாம். எல்லைப்புறத்தை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்போர் நம் தாய்மாரும் அக்காமாரும். ஜீப் கிளம்பாவிட்டால் அவர்களுக்கு அன்றைய கூலி இல்லை. ஓட்டுநர் தேவையின்றிப் புதிய பாட்டரி வாங்கினால் அவருடைய பல நாள் வருமானம் போயிற்று. பிழைக்க மலையேறி வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஒரு நாள் கூலியின் கனம் எனக்குத் தெரியும்.

அந்த 'டிக்' எங்கிருந்து வருகிறது? ஸ்டார்ட்டரின் மேல் சோலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச் இருக்கிறது. அதை இழுக்கச் சிறிய மின்னோட்டம் போதும். எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்கோ நூறு, இருநூறு ஆம்பியர் வேண்டும். ஆகவே 'டிக்' என்றால், சிறிய வேலைக்கு மின்சாரம் உண்டு, பெரிய வேலைக்கு வந்து சேரவில்லை என்று பொருள். 'டிக் டிக் டிக்' என விடாமல் அடித்தால் பெரும்பாலும் பாட்டரி தளர்ந்திருக்கிறது: மோட்டார் மின்சாரத்தைக் கேட்டதும் வோல்ட் சரிகிறது, சுவிட்ச் விடுகிறது, வோல்ட் மீள்கிறது, சுவிட்ச் மறுபடி பிடிக்கிறது. ஒரே ஒரு 'டிக்' என்றால் சோலினாய்டின் தொடுமுனைகள், மோட்டாரின் கார்பன் பிரஷ்கள், ஒயர் இணைப்புகள் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

'விளக்கு நன்றாக எரிகிறது, ஆகையால் மின்சாரத்தில் குறையில்லை' என்பர் சிலர். 1827-இல் ஜெர்மானியர் ஓம் வெளியிட்ட விதி இங்கே குறுக்கிடுகிறது. டெர்மினலில் பூத்த வெண்பச்சைப் பொடியால் 0.05 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். முன்விளக்குகள் இரண்டும் எடுப்பது சுமார் 9 ஆம்பியர். அவற்றுக்கு அரை வோல்ட்தான் இழப்பு. 150 ஆம்பியர் ஓட வேண்டுமானால் 7.5 வோல்ட் அந்தப் பொடிக்கே இரையாக வேண்டும்! பிறகு மோட்டார் எப்படிச் சுழலும்? பழி பாட்டரிமீது, குற்றம் பொடியின்மீது.

ஆதலால் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஓய்விலிருக்கும் நிறைவான பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே என்றால் முதலில் அதற்கு மின்னூட்ட வேண்டும். அடுத்து, சாவியைத் திருப்பியபடியே பாட்டரியின் ஈய முனைகளில் அளக்க வேண்டும். பத்து வோல்ட்டுக்கு வெகுகீழே விழுந்தால் பெரும்பாலும் பாட்டரியே நோயாளி. பன்னிரண்டிலேயே நின்றால் பாட்டரி நிரபராதி. குற்றவாளி அதற்கு அப்பால் இருக்கிறான். டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்து, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள எர்த் ஒயரை இறுக்கிப் பார்க்க வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில்; பூட்டும்போது அது கடைசியில். அருகே பீடியும் தீக்குச்சியும் கூடா. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

நம் எல்லையின் இரு முனைகளும் இதில் வேடிக்கையான பாடம் சொல்கின்றன. வெயிற்காலத்தில் பாலக்காட்டுச் சமவெளி 40 பாகையைத் தொடுகிறது. மூணாறிலோ சில குளிர்காலங்களில் உறைநிலைக்கும் கீழே போகிறது. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் ஈயப் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. குளிரோ அதன் வலிமையைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. எஞ்சின் எண்ணெயும் தடிக்கிறது. எனவே கொழிஞ்சாம்பாறை வெயிலில் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்த பாட்டரி, தேவிகுளத்துப் பனியில்தான் தன் மரணத்தை அறிவிக்கும். நம் மக்கள் குளிரைத் திட்டுவார்கள்; கொன்றது வெயில்!

வண்டியைச் சரிவில் நிறுத்தி, உருட்டி, இரண்டாம் கியரில் கிளப்பும் வித்தை மலையோட்டுநர்க்குக் கைவந்த கலை. அவசரத்துக்கு அது உதவும். வழக்கமாக்குவதை நான் எதிர்க்கிறேன். எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்குக் கிட்டும் துணைவிசை விரைவில் தீர்ந்துவிடும். கொண்டையூசி வளைவுக்கு மேலே, ஆட்களை ஏற்றிக்கொண்டு, இந்த வித்தை எதற்கு? 1911-இல் அமெரிக்கர் கெட்டரிங் மின்சார ஸ்டார்ட்டரை அமைத்தது எதனால்? கைப்பிடியைச் சுழற்றிய மனிதரின் கையை எஞ்சின் திருப்பியடித்து ஒடித்ததனால். சிறிய மோட்டார், பெரிய மின்னோட்டம், சில வினாடிகள் மட்டும் என்பதே அவர் கண்ட சூட்சுமம். அதனாலேயே பத்து வினாடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்கலாகாது.

மாணவ நண்பர்களே! மெக்கானிக்கின் காதறிவை நான் இகழவில்லை. 'டிக்'கின் தொனியிலேயே நோயை உணரும் பெரியவர்கள் மலையில் இருக்கிறார்கள். அந்தக் காதுக்கு நம் அளவுகோல் துணை நிற்க வேண்டும். நம் சங்கம் அடுத்த விடுமுறையில் சில மல்ட்டிமீட்டர்களை வாங்கி ஜீப் நிலையங்களுக்குச் செல்லட்டும். ஓட்டுநர்களிடம் தமிழில் பேசி, தமிழில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வரட்டும். மேடையில் விஞ்ஞானத் தமிழ் வளர்க என்று முழங்குகிறோம். அது வளர வேண்டிய இடம், விடியற்காலையில் கிளம்ப மறுத்து நிற்கும் அந்த ஜீப்பின் அருகிலும் உண்டு.