நாலு கம்பியும் எங்கே போச்சு?

கார்வேட்டிநகரம் பக்கம் ஜாத்திரைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. தப்பாக வாசித்தாலும் யாருக்கும் தெரியாது. சரியாக வாசித்தாலும் தெரியாது. தெலுங்குப் பாட்டோ தமிழ்ப் பாட்டோ, ஜனங்களுக்குக் கேட்பது பாடகரின் எக்கோ, ரிதம் பேடு, கீபோர்டு. என் பங்குக்கு, தூரத்தில் லோடு லாரி போவதுபோல ஓர் உறுமல்.

சவுண்டுக்காரரிடம் போய்ச் சொன்னால், "பேஸை ஃபுல்லா ஏத்திதான் வெச்சிருக்கேன், தம்பி" என்பார். ஐயா, அதுதானே வினை! தடித்த கம்பியைச் சும்மா தட்டினால் 41 ஹெர்ட்ஸ். அந்த இடத்தை மட்டும் ஏற்றினால் நெஞ்சு அதிரும், ஸ்வரம் வராது. விரல் கம்பியில் பட்ட சத்தமும் எந்த ஸ்வரம் என்கிற தெளிவும் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. அங்கே லேசாக ஏற்றி, 200, 250 பக்கம் கொழகொழப்பைக் குறைத்தால் போதும். பஸ் நிற்கிற இடம் வரை கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரில் அடி ஒலி எப்படியும் வராது. ஆனால் மேல் ஒலிகள் ஒழுங்காகப் போனால், விட்டுப்போன அடி ஸ்வரத்தைக் காதே நிரப்பிக்கொள்ளும். 1980இல் வந்த 'மூடுபனி'யின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டில் பேஸை டிரான்சிஸ்டர் ரேடியோவிலேயே பிடித்தவர்கள்தானே நாம்? அதில் எந்த சப்-வூஃபர் இருந்தது?

வயர் கதை தனி. கிட்டாரை மிக்சருக்கு ஏற்றபடி இணைத்துக்கொடுக்கும் டிஐ பாக்ஸ் கேட்டால், "நேரா மிக்சர்ல சொருகு" என்று பதில் வரும். கிட்டார் பிக்கப்புக்கு எதிரே சுமார் 10 லட்சம் ஓம் இருந்தால்தான் அது மூச்சுவிடும். மிக்சரின் லைன் இன்புட்டில் பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். சொருகிய உடனே மேல் ஒலி செத்துவிடும். போதாததற்கு ஜெனரேட்டருக்கு எர்த் சரியாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். 50 ஹெர்ட்ஸ் ஹம்மிங் கூடவே ஓடும். தடித்த கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அமுக்கினால் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றோடொன்று மோதி, நொடிக்கு ஒரு தரம் 'வௌ... வௌ...' என்று அலையும். அந்த நேரம் பார்த்துப் பாடகர் திரும்பி என்னை முறைப்பார்.

சப்-வூஃபரை எங்கே வைப்பது என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். பின்னால் கல் சுவர் இருந்து, அதற்கு 2 மீட்டர் முன்னால் சப் நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையைத் தின்றுவிடும். அதைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னால், "பின்னாடி ஆளுங்க நடக்க வழி வேணும்ல?" என்கிறார்கள். மேடைக்கு அடியில் தள்ளிவிட்டாலோ பலகை முழுக்க ஆடும், பாடுகிற மைக்கும் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

ஜனங்கள்மேல் பழிபோட மனசு வராது. வேணுகோபாலசுவாமிமேல் சாரங்கபாணி பதங்கள் பாடிய ஊர் இது. என்ன, சாமியே புல்லாங்குழல்காரர். மேல்ஸ்தாயிக்கு இங்கே செல்வாக்கு ஜாஸ்தி போல!

இந்த ஒலிச் சிக்கல்களுக்கெல்லாம் அரைமணி நேர சவுண்ட் செக் போதும். அதுதான் கிடைக்காது. மாலையில் மேடை கேட்டால் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் சால்வை, பிரமுகர் பேச்சு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி 10 மணியோடு ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும். விசேஷ அனுமதி வாங்கியிருந்தாலும் நள்ளிரவுதான் எல்லை. ஆகவே முதல் பாட்டே சவுண்ட் செக். அது முடிவதற்குள் சவுண்டுக்காரர் டீ குடிக்கப் போய்விடுவார்.

போன ஜாத்திரையில் கமிட்டிக்காரர் ஒருவர் எங்கள் ட்ரூப் தலைவரிடம், "கீபோர்டுலயே பேஸ் வருதே, அதுக்குத் தனியா ஒரு ஆளா?" என்று கேட்டிருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் நான் வாசித்தது ஒன்றுகூடக் கேட்டிருக்காது.