வீட்டின் பழைய தலையணை யாருக்கு?

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் மொழி. வாசலைப் பெருக்கிக் கோலம் இடுகிறோம். பாத்திரத்தைப் பளபளவெனத் துலக்குகிறோம். சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு அணிந்து வருகிறோம். ஆனால் நாள்தோறும் ஏழெட்டு மணி நேரம் நம் முகம் பதிந்து கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அதுதான் தலையணை!

"தலையணையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று தோழியர் சிலர் எங்களைப் பார்த்து நகைத்தனர். "இன்று மாலை வீட்டுக்குப் போனதும் தலையணை உறையைக் கழற்றி உள்ளே பாருங்கள். நாளை வந்து சொல்லுங்கள்" என்று மட்டும் நாங்கள் கூறினோம். மறுநாள் எவரும் நகைக்கவில்லை. வெளியே பூப்போட்ட உறை. உள்ளே தலைக்கு வைத்த எண்ணெயும் வியர்வையும் ஊறி, தேநீர் கொட்டியது போன்ற பழுப்பு வட்டங்கள். கடைசியாக இதை எப்போது துவைத்தோம் என்று கேட்டால், அம்மாவுக்கும் நினைவில்லையாம்.

பேச்சு வளர வளர இன்னொன்றும் வெளிப்பட்டது. வீட்டுக்குப் புதுத் தலையணை வந்தால் அது முதலில் விருந்தினருக்கென்று அலமாரியில் ஏறுகிறது. இல்லையேல் அப்பாவுக்குப் போகிறது. அப்பாவுடையது அண்ணனுக்கு, அண்ணனுடையது அக்காவுக்கு என்று படிப்படியாக இறங்கி வருகிறது. முடிச்சு முடிச்சாகக் கட்டிப்போன, மிகப் பழைய தலையணை யாரிடம் போய்ச் சேருகிறது? திண்ணையில் படுக்கும் பாட்டியிடம். அல்லது ஓரத்தில் பாய் போட்டுப் படுக்கும் கடைக்குட்டியிடம். அதாவது, "எனக்கு வேறு வேண்டும்" என்று வீட்டில் எவர் கேட்க மாட்டாரோ, அவரிடம்! அப்பாட்டிதான் இரவெல்லாம் இருமுகிறார். அக்கடைக்குட்டிக்குத்தான் மார்கழிப் பனியில் இழுப்பு வருகிறது. இது நாம் சிந்திக்க வேண்டிய செய்தி அன்றோ?

உலகத்தார் எல்லாரும் எக்காலத்தும் பஞ்சுத் தலையணையில் உறங்கியவர்கள் அல்லர். பண்டை எகிப்தியர் மரத்தாலும் கல்லாலும் செய்த தலைதாங்கிகளில் தலை வைத்துத் துயின்றனர். யாக்கோபு வழிப்பயணத்தில் ஒரு கல்லையே தலைக்கு வைத்துப் படுத்ததாக விவிலியம் கூறுகிறது. நம் மாவட்டத்து விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்கிறோம். சீன நாட்டில் சோங் மன்னர் காலத்தில், 960 முதல் 1279 வரை, பீங்கானிலேயே தலையணை செய்து, வண்ணம் தீட்டிப் பயன்படுத்தினர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோடையில் அது குளிர்ச்சி தருமாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டால் சுத்தமும் ஆகிவிடும். நாமோ மென்மையை விரும்பிப் பஞ்சுக்கு வந்துவிட்டோம். அந்த மென்மைக்கு நாம் செலுத்த வேண்டிய விலை ஒன்று உண்டு. அதுதான் பராமரிப்பு.

பராமரிக்காவிட்டால் என்ன ஆகும்? நம் உடலிலிருந்து நாள்தோறும் நுண்ணிய தோல் துகள்கள் உதிர்கின்றன. அவற்றைத் தின்று வாழும் தூசிப் பூச்சி ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அது கடிப்பதில்லை, ஆனால் அதன் கழிவு மூச்சில் கலந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் இழுப்பும் வருகின்றன. வீட்டுத் தூசியால் வரும் இழுப்புக்கு இப்பூச்சி ஒரு காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964-ஆம் ஆண்டையொட்டி எடுத்துக்காட்டினர். 2005-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார், ஒன்றரை ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை பயன்பட்ட பத்துத் தலையணைகளைச் சோதித்தனர். அவை இறகோ செயற்கை இழையோ அடைத்தவை. ஒவ்வொன்றிலும் நான்கு முதல் பதினாறு வகைப் பூஞ்சைகள் இருந்தன! நம் வீட்டுத் தலையணைகளை எவரும் சோதித்ததில்லை என்பதால் அவை தூயவை ஆகிவிடுமா?

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இழுப்பு முழுவதும் தலையணையால் வருவதும் அன்று. நோய்க்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நம் கையால் செய்யக்கூடியதை நாம் செய்யாமல் இருக்கலாமா?

முதலில், உள்ளே இருப்பது என்ன என்று அறிய வேண்டும். பருத்திப் பஞ்சை நாம் நன்கு அறிவோம். மங்களூர் வட்டாரத்தில் பருத்தி வெடித்து நிற்கும் கொல்லைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இலவம் பஞ்சு வேறு. அது இலவ மரத்துக் காயிலிருந்து வருவது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பக்கம் மிகுதி. பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளி ஏமாந்ததே, அதே இலவுதான். அதன் இழை உள்ளே குழாய் போன்றது. மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. ஆகவே நீரில் மிதக்கும். முற்காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடைகளுக்குள் இதை அடைத்தது அதனால்தான்.

இவ்விரு பஞ்சுத் தலையணைகளையும் அப்படியே தண்ணீரில் முக்கலாகாது. பஞ்சு கட்டிதட்டிப்போகும்; உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஓர் ஓரத்துத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுக்க வேண்டும். பழைய புடவையில் பரப்பி, காற்றில் பறக்காதபடி மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டு, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவிட வேண்டும். கட்டிகளைக் கையால் பிய்த்து உதற வேண்டும். அந்நேரத்தில் மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள்வது நலம். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். பையை மட்டும் சோப்புப் போட்டு வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காய்ந்தபின் மீண்டும் அடைத்துத் தைக்கலாம். முன்னாளில் பஞ்சு அடிப்பவர் தோளில் வில்லோடு தெருவில் வருவார். நாணின் ஓசை கேட்டதும் வீட்டுக்கு வீடு தலையணையும் மெத்தையும் வெளியே வரும். இப்போது மெத்தைக் கடைகளில் அந்த வேலையை இயந்திரம் செய்கிறது.

செயற்கை இழைத் தலையணையாயின் அதில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துப் பார்த்துத் துவைக்கலாம். முறுக்கிப் பிழியாமல் அமுக்கி நீரை வடித்து, இரண்டு முறை அலசி, உள்வரை காயவிட வேண்டும். நுரைத் தலையணையை ஊறவைக்கவும் கூடாது. கடும் வெயிலில் போடவும் கூடாது. அதன் உறையை மட்டும் துவைத்தால் போதும். எந்தத் தலையணையாயினும் மேலுறையை வாரம் ஒருமுறை துவைப்பது நன்று. அறுபது டிகிரி சூடுள்ள வெந்நீர் தூசிப் பூச்சியைக் கொன்றுவிடும். பேன் உள்ள பிள்ளையின் உறைக்கும் வெந்நீரே ஏற்றது.

இனி, மாற்றுவது எப்போது? விளம்பரங்கள் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிது வாங்கச் சொல்கின்றன. எல்லா வீட்டாலும் அது முடியுமா? முடியாது; எல்லாத் தலையணைக்கும் அது தேவையும் இல்லை என்பது எங்கள் கருத்து. செயற்கை இழைத் தலையணையை இரண்டாக மடித்துக் கையை எடுத்துப் பாருங்கள். நிமிர்ந்தால் இன்னும் உழைக்கும். மடிந்தே கிடந்தால் அதன் காலம் முடிந்தது. பஞ்சுத் தலையணைக்கோ பையை மாற்றலாம், கெட்ட பஞ்சை நீக்கிக் கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்க்கலாம். நம் முன்னோர் தலையணையை எறியவில்லை, புதுப்பித்தனர். அந்த வழக்கத்தை விட்டுவிட்டு, புதுப்பிக்கவும் செய்யாமல், புதிது வாங்கவும் செய்யாமல் இருப்பதுதான் நம் குற்றம். கழித்த நுரைத் தலையணையைப் போகி நெருப்பில் போடவே கூடாது, அப்புகை நஞ்சு.

"இந்த வேலையும் அம்மாவின் தலையிலா?" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தலையணை எல்லாருடைய தலைக்கும்தானே? ஆகவே அண்ணனும் தம்பியும் பஞ்சு பிய்க்கட்டும். நாம் தையல் போடுவோம். அப்பா மாடிக்குத் தூக்கிச் செல்லட்டும். கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கும் வீடாயினும், போகிக்குப் பழையன கழிக்கும் வீடாயினும், ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென்று வைப்பது பெரிய காரியமா?

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். பாட்டியின் தலையணையை அவரைக் கேளாமல் பிடுங்கி எறியலாகாது. "இது உங்கள் தாத்தா வாங்கிய பஞ்சு" என்று அவர் சொல்லக்கூடும். அப்பஞ்சில் அவருக்கு ஒரு வாழ்க்கையே இருக்கிறது. அவர் எதிரிலேயே பிரித்து, அவர் சொல்படியே வெயிலில் போட்டு, நல்ல பஞ்சை வைத்துக்கொண்டு புதுப் பையில் அடைத்துக் கொடுப்போம். அவருக்குப் பழகிய உயரமும் மாறாது, அழுக்கும் போய்விடும்.

அன்புத் தோழியரே! விருந்தினருக்கென்று அலமாரியில் வைத்திருக்கும் தலையணை ஒரு வீட்டின் பெருமையைக் காட்டலாம். ஆனால் அவ்வீட்டின் அன்பை அறிய வேண்டுமானால், திண்ணையில் கிடக்கும் தலையணையின் உறையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த விடுமுறையில் அந்தத் தலையணையிலிருந்தே தொடங்குவோம்.