இந்த வாரமே கையெழுத்திடுவோம்

தோழிகளே,

மேனேஜர் நம்மை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். சங்கம் வந்தால் கிளப்பை இழுத்து மூடிவிடுவாராம். நாமெல்லாம் சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாம், நமக்குச் சங்க உரிமையே கிடையாதாம். இந்தப் பேச்சில் யாரும் மசிந்துவிடக் கூடாது. சங்கம் வைத்தால் மூடுவேன் என்று மிரட்டுவதே சட்ட விரோதம்.

எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது மேடையேற வேண்டும், ஒரு நடனத்துக்கு என்ன விலை என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அவர். பத்து நிமிடம் தாமதமானால் அபராதம். உள்ளே நுழையவே மேடைக் கட்டணம் கட்டுகிறோம். டிஜேக்கும் பவுன்சருக்கும் கொடுத்தது போக எண்ணிப் பார்த்தால், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் கைக்காசும் சேர்ந்து போயிருக்கிறது. வேலை பார்ப்பதற்குக் காசு கட்டுகிற நம்மையா ஒப்பந்தக்காரர் என்பது?

நம் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018-இல் டைனமெக்ஸ் வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஒருவர் தன் தொழிலாளி இல்லை என்றால் அதை முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். அவர் செய்யும் வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருப்பதாகவும் காட்ட வேண்டும். நடன கிளப்பில் நடனம் எப்படி வெளி வேலையாகும்? 2020 ஜனவரி முதல் ஏபி 5 சட்டம் இதை இன்னும் உறுதியாக்கியது. அது கூலிக்கான அளவுகோல். சங்க உரிமைக்கு 1935-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது; அங்கே அளவுகோல் வேறு. ஆனாலும் நம்மை ஆட்டுவிப்பது யார் கை என்பதை அங்கும் பார்ப்பார்கள். முதல் நாள் நீட்டிய தாளில் நாம் போட்ட கையெழுத்து மட்டுமே முடிவாகிவிடாது.

ஒரு கசப்பையும் பேசியாக வேண்டும். 2018 தீர்ப்புக்குப் பிறகு பல கிளப்புகள் நடனக்காரர்களைச் சம்பளப் பட்டியலில் சேர்த்தன. குறைந்தபட்சக் கூலியை ஒரு கையால் கொடுத்து, நடனக் காசில் முன்னைவிடப் பெரிய பங்கை மறு கையால் பிடுங்கிக்கொண்டு, எல்லாம் சட்டத்தால் வந்த வினை என்றன. நம்மில் சிலருக்கு அந்தச் சட்டத்தின் மீது இன்னும் கோபம். அந்த இழப்பு உண்மை, கோபமும் நியாயம். ஆனால் யாருக்கு எத்தனை பங்கு என்று எந்தச் சட்டமும் எழுதவில்லை. அதை முதலாளி தனியாக உட்கார்ந்து எழுதினார். எதிரே நாம் உட்காராதவரை இனியும் அவர்தான் எழுதுவார்.

உட்கார்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோ லஸ்டி லேடி கிளப்பில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாடிக்கையாளர்கள் திருட்டுத்தனமாகப் படம் பிடித்தார்கள். அதை எதிர்த்துத் திரண்ட பெண்கள் 1997-இல் சங்க ஒப்பந்தமே போட்டார்கள். வடக்கு ஹாலிவுட் ஸ்டார் கார்டன் கிளப்பில் 2022 மார்ச்சில் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுத்தவர்களை உள்ளே விடவில்லை. மாதக்கணக்கில் வாசலில் விதவிதமான வேடமிட்டு மறியல் செய்தார்கள். 1913-இல் மேடை நடிகர்கள் தொடங்கிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி சங்கம் அவர்களோடு நின்றது. 2023 மே மாதம் வாக்குகளை எண்ணியபோது சங்கத்துக்கு ஆதரவு 17, எதிர்ப்பு பூஜ்யம். அதே ஆண்டு போர்ட்லாந்து மேஜிக் டேவர்ன் பெண்களும் அந்தச் சங்கத்தில் சேர வாக்களித்தார்கள்.

நம் வேலை இனிதான். நூற்றுக்கு முப்பது பேர் சங்க ஆதரவு அட்டையில் கையெழுத்திட்டால் சங்கத் தேர்தல் கேட்கலாம். அது போதாது; மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுவோம். மேடைப் பெயர் வேண்டாம், சொந்தப் பெயரில் போடுங்கள். தேர்தலை நடத்தும் தொழிலாளர் உறவு வாரியம் அந்த அட்டையை முதலாளிக்குக் காட்டாது. வாக்குப்பதிவும் ரகசியம். அறைக்குள் கூப்பிட்டு மிரட்டினால், ஷிஃப்டைக் குறைத்தால், தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்குள் அந்த வாரியத்தில் புகார் கொடுத்தாக வேண்டும்.

வியாழக்கிழமை ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், பின்பக்கப் பார்க்கிங்கில் அட்டைகளோடு நிற்போம். புதிதாகச் சேர்ந்தவர்களையும் பகல் ஷிஃப்ட்காரர்களையும் கையோடு கூட்டி வாருங்கள்.